இடம்பெயர் கூறுகளும் கலத்தின் காவலும்: ஒரு வரலாற்று நோக்கு

1983 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, மருத்துவத்துக்கான நோபல் பரிசு பாபரா மக்கிளின்ரொக் அம்மையாருக்கு வழங்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அப்பொழுது அவருக்கு வயது 81. பரிசு வேறெவருடனும் பங்கிடப்படாது முழுமையாக அவருக்கே அளிக்கப்பட்டது. பரம்பரைக் கூறுகளுட் சில ஓரிடத்தில் நிலைத்திராது இடம்பெயர வல்லன என்பதைச் சோளப் பயிரிலே கண்டறிந்தமைக்காகவே இச்சிறப்பு அவருக்குக் கிட்டியது. முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே உண்மையைக் கண்ட ஒரு பெண்மணியை அறிவுலகம் ஏற்க மறுத்தது என்றும், ஈற்றில் அவ்வுண்மை வென்றது என்றும் அன்று தொட்டு இவ்வரலாறு கூறப்பட்டு வருகின்றது.

கேட்பதற்கு இனிய வரலாறே இது. ஆயினும், அம்மையார் எதனைக் கண்டறிந்ததாகத் தாமே கருதினார் என்று வினவுவோமாயின், கிடைக்கும் விடை சற்று வேறானது. தாம் கண்ட பொருள்களுக்கு அவர் இட்ட பெயர் ‘இடம்பெயர் கூறுகள்’ என்பதன்று. ‘கட்டுப்படுத்தும் கூறுகள்’ என்பதே அவர் வழங்கிய பெயராகும். இடப்பெயர்வு அவருக்கு ஒரு வழி மட்டுமே. கட்டுப்பாடே அவர் தேடிய பொருள். இடப்பெயர்வு என்னும் ஒரு பாதிக்கு 1983 இல் மதிப்பளிக்கப்பட்டது. கட்டுப்பாடு என்னும் மறுபாதி தெளிவு பெறுதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. தெளிவு பெற்றபோது அது அம்மையார் எண்ணியதற்கு ஏறக்குறைய எதிர்த்திசையிலே அமைந்திருந்தது. ஒரு கண்டுபிடிப்பின் இரு பாதிகளுள் ஒன்று முந்தியும் மற்றொன்று பிந்தியும் வந்தமைக்குக் காரணம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சோள மணியிற் கண்ட புள்ளிகள்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பிறப்புரிமையியலாளர் கொண்டிருந்த கருத்து எளிமையானது. கலத்தின் கருவினுள்ளே நிறமூர்த்தங்கள் உள்ளன. அவற்றிலே பரம்பரையலகுகள் மாலையிற் கோத்த மணிகள் போன்று ஒழுங்காக அமைந்துள்ளன. ஒவ்வொரு மணிக்கும் நிலையானதோர் இடம் உண்டு. எந்த அலகு எந்த இடத்தில் உள்ளது என்று வரைபடம் வரைவதே அக்கால ஆய்வாளரின் தலையாய பணியாக விளங்கிற்று. மணிகள் இடம் மாறுமாயின் வரைபடத்துக்கே பொருளில்லாது போய்விடும்.

இச்சூழலிலேயே மக்கிளின்ரொக் உருவானார். 1902 இல் ஐக்கிய அமெரிக்காவின் கனெற்றிகட் மாநிலத்திலே பிறந்த அவர், 1927 இல் கோணெல் பல்கலைக்கழகத்திலே தாவரவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1931 இல் ஹரியற் கிறைற்றன் என்னும் மாணவியோடு இணைந்து, பரம்பரையலகுகள் தம்முட் பரிமாறப்படும்போது நிறமூர்த்தத் துண்டுகளும் கண்கூடாகப் பரிமாறப்படுகின்றன என்பதை நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு நிறுவினார். எனவே, அவர் அறிவுலகின் புறத்தே நின்ற ஒருவரல்லர். 1944 இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய அறிவியற் கழகத்துக்குத் தெரிவாகி, 1945 இல் அமெரிக்கப் பிறப்புரிமையியற் சங்கத்தின் தலைவராகவும் பணியாற்றினார். அப்பதவியை வகித்த முதற் பெண்மணி அவரே.

நியூயோர்க் மாநிலத்திலுள்ள கோல்ட் ஸ்பிறிங் ஹாபர் என்னுமிடத்திலே 1940களின் நடுப்பகுதியில், முறிந்த நிறமூர்த்தங்களைக் கொண்ட சோளச் செடிகளை அவர் வளர்த்து வந்தார். அச்செடிகளின் வழித்தோன்றல்களிலே விந்தையான நிறக் கோலங்கள் காணப்பட்டன. நிறமற்ற மணியிலே ஊதாப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. ஒரு மணியில் அவை பெரிதாகவும் சிலவாகவும் இருந்தன. இன்னொன்றிலே சிறிதாகவும் பலவாகவும் இருந்தன. அம்மையார் இப்புள்ளிகளை எழுத்துகளைப் போல வாசித்தார் எனலாம். மணி வளரும்போது ஒரு கலத்திலே மாற்றம் தொடக்கத்திலேயே நிகழுமாயின், அக்கலத்தின் வழிவந்தவை அனைத்தும் நிறம்பெற்றுப் புள்ளி பெரிதாகும். மாற்றம் பிந்தி நிகழின் புள்ளி சிறிதாகும். ஆகவே புள்ளியின் அளவு, மாற்றம் நிகழ்ந்த காலத்தைக் காட்டும் கடிகாரமாகின்றது.

இவ்வாறு நுணுகி ஆராய்ந்து, ஒன்பதாம் நிறமூர்த்தத்திலே முறிவை உண்டாக்கும் ஒரு கூறினை அவர் இனங்கண்டார். அதனைப் ‘பிரிப்பான்’ எனலாம். அது தானாகவே இயங்கவில்லை. ‘தூண்டி’ எனத்தக்க மற்றொரு கூறு கலத்தில் இருந்தாலன்றி அது வாளாவிருந்தது. 1948 அளவிலே இவ்விரு கூறுகளும் இடம்பெயர்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். பிரிப்பான், நிறத்துக்குரிய பரம்பரையலகின் உள்ளே புகுந்தால் நிறம் தோன்றாது. மீண்டும் வெளியேறினால் நிறம் மீளும். தூண்டியின் எண்ணிக்கை ஒரு மணியிலே கூடக் கூட, மாற்றம் நிகழும் காலம் பிந்திச் சென்றது. 1950 இல் வெளியிட்ட கட்டுரையிலும், 1951 இல் கோல்ட் ஸ்பிறிங் ஹாபர் மகாநாட்டில் ஆற்றிய உரையிலும் இவற்றை அவர் எடுத்துரைத்தார்.

இதிலிருந்து அம்மையார் பெற்ற முடிபு மிகப் பெரியது. ஒரே கருக்கட்டிய முட்டையிலிருந்து தோன்றும் கலங்கள், ஒரே பரம்பரையலகுகளைக் கொண்டிருந்தும் ஒன்று இலையாகவும் ஒன்று வேராகவும் ஆவது எவ்வாறு? உரிய காலத்தில் உரிய அலகினருகே சென்றமர்ந்து அதனை இயக்கியும் அடக்கியும் வைக்கும் கூறுகளே உடலின் வளர்ச்சியை நெறிப்படுத்துகின்றன என அவர் கருதினார்.

புறக்கணிப்பு என்னும் கதை

இக்கருத்துகளுக்குக் கிடைத்த வரவேற்புப் பற்றி இருவேறு வரலாறுகள் எழுதப்பட்டுள்ளன. 1983 இல், பரிசு அறிவிக்கப்படுவதற்கு முன்னரே வெளிவந்த வாழ்க்கை வரலாற்று நூலில் எவலின் பொக்ஸ் கெலர், தமக்குரிய தனித்த நோக்கினாலே பிறரால் விளங்கிக்கொள்ளப்படாது ஒதுங்கி நின்ற ஓர் அறிஞராக அம்மையாரைச் சித்திரித்தார். பலர் அறிந்த கதைக்கு இந்நூல் பெரிதும் துணைபுரிந்தது. ஆயின், 2001 இல் நதானியல் கொம்போட் எழுதிய நூல் அக்கதையை மறுபரிசீலனை செய்தது. சோளத்திலே கூறுகள் இடம்பெயர்வதை அத்துறையினர் மறுக்கவில்லை. அவை உடலின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகின்றன என்ற கொள்கையையே அவர்கள் ஏற்கத் தயங்கினர் என்பது அவரது வாதமாகும். 1950களிலேயே அலெக்சாந்தர் பிறிங், பீற்றர் பீற்றர்சன் முதலிய சோள ஆய்வாளர் தத்தம் செடிகளில் இத்தகைய கூறுகளைக் கண்டு உறுதிப்படுத்தியமை இவ்வாதத்துக்கு வலுவூட்டுகின்றது.

இவ்விரண்டாவது வரலாறே சான்றுகளோடு கூடுதலாகப் பொருந்துகின்றது. 1961 இல் பிரான்சுவா ஜாக்கோப், ஜாக் மொனோட் ஆகிய பிரெஞ்சு அறிஞர், பற்றீரியாவில் ஒரு பரம்பரையலகை மற்றொன்று அடக்கி வைக்கும் முறையை விளக்கியபோது, அதே ஆண்டிலே அம்மையார் அம்முறையையும் சோளத்திற் கண்ட முறையையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் உள்ளம் எதனை நாடி நின்றது என்பதற்கு அதுவே சான்று. ஆனால் ஜாக்கோபும் மொனோட்டும் காட்டிய கட்டுப்பாட்டிற்கு எந்தக் கூறும் இடம்பெயர வேண்டியிருக்கவில்லை. வளர்ச்சியை விளக்குதற்கு இடப்பெயர்வு தேவையில்லை என்றானது. அம்மையாரின் கொள்கை மறுக்கப்பட்டதென்பதிலும் தேவையற்றதாக்கப்பட்டதென்பதே பொருந்தும்.

எனினும் அவர் குறித்துவைத்த ஓர் அவதானம் இங்கே சிறப்பாக நோக்கத்தக்கது. சில கூறுகள், தம் இடத்தை விட்டு நீங்காமலும் அழியாமலும், பல தலைமுறைகளுக்கு உறங்கிக் கிடந்து பின்னர் விழித்தெழுவதை அவர் கண்டார். கூறு இருக்கின்றது, ஆனால் இயங்கவில்லை. அவ்வாறாயின் அதனை உறங்கவைப்பது எது? இவ்வினாவுக்கு அக்காலத்திலே விடை காணும் கருவி எவரிடத்தும் இருக்கவில்லை.

பற்றீரியாவும் பழ ஈயும்

1960களின் பிற்பகுதியிலே பற்றீரியாவின் பரம்பரையலகுகளுக்குள் அந்நியமான டி.என்.ஏ. துண்டுகள் செருகிக் கிடப்பது அறியப்பட்டது. 1970களிலே, மருந்துகளை எதிர்க்கும் ஆற்றலைச் சுமந்துசெல்லும் துண்டுகளும் பற்றீரியாக்களிலே இடம்பெயர்வது புலனாயிற்று. சோளத்தின் விந்தையெனக் கருதப்பட்டது உயிருலகின் பொதுப்பண்பாக மாறியது.

இதே காலத்திலே பழ ஈயை ஆராய்ந்தோர் ஒரு புதிரை எதிர்கொண்டனர். ஆய்வுகூடங்களிலே நெடுங்காலமாக வளர்க்கப்பட்டு வந்த பெண் ஈயை, வெளியிலிருந்து புதிதாகப் பிடித்துவந்த ஆண் ஈயோடு கலந்தால், பிறக்கும் ஈக்கள் மலடாயின. அவற்றின் பரம்பரையலகுகளிலே விகாரங்கள் மலிந்தன. ஆனால் வெளியிற் பிடித்த பெண்ணை ஆய்வுகூட ஆணோடு கலந்தால் எத்தீங்கும் நேரவில்லை. 1977 இல் மார்கரற் கிட்வெல்லும் அவரது துணைவரும் இதனை விரிவாக விளக்கினர். 1982 அளவிலே இதற்குக் காரணமான இடம்பெயர் கூறு பிரித்தெடுக்கப்பட்டு, ‘பி கூறு’ எனப் பெயர் பெற்றது. இருபதாம் நூற்றாண்டிலே வேறோர் ஈயினத்திலிருந்து வந்து, வெளியில் வாழ்ந்த ஈக்களிடையே அது வேகமாகப் பரவியிருந்தது. அதற்கு முன்பே பிடித்து அடைக்கப்பட்ட ஆய்வுகூட ஈக்களிடம் அது இருக்கவில்லை.

பி கூறு தந்தைவழி வந்தால் அழிவு. தாய்வழி வந்தால் அமைதி. ஒரே கூறுதான் இரண்டு வகையிலும் பிள்ளைகளை அடைகின்றது. ஆகவே, தாய் தன் முட்டையினூடாகக் கூறினை மட்டுமன்றி, அக்கூறினை அடக்கும் ஏதோ ஒன்றினையும் சேர்த்தே வழங்குகின்றாள் என்பது தெளிவாயிற்று. காவல் ஒன்று உண்டென்பதைக் காவல் இல்லாத பிள்ளைகளே காட்டிக்கொடுத்தன.

மனிதனும் அவனது இடைச்செருகல்களும்

மனிதனிடத்திலும் இத்தகைய கூறுகள் உண்டென்பது படிப்படியாகவே தெரியவந்தது. 1979 இல், ஏறத்தாழ 300 எழுத்து நீளமான ஒரு தொடர் மனிதரின் டி.என்.ஏ.யிலே பல்லாயிரக்கணக்கான இடங்களில் மீண்டும் மீண்டும் வருவது விளக்கப்பட்டு, ‘அலு’ எனப் பெயரிடப்பட்டது. ஏறக்குறைய 6,000 எழுத்து நீளமான ‘எல்1’ என்னும் தொடரும் இனங்காணப்பட்டது. இவற்றினாற் பயன் யாது? சுசுமு ஓனோ 1972 இலேயே பயனற்ற டி.என்.ஏ.யைக் ‘குப்பை’ என்று வருணித்திருந்தார். 1980 இல் ஒரே வேளையில் வெளிவந்த இரு கட்டுரைகளில், லெஸ்லி ஓர்கல், பிரான்சிஸ் கிரிக் ஆகியோரும், போட் டூலிற்றில், கார்மன் சப்பியன்சா ஆகியோரும் வேறொரு விளக்கம் தந்தனர். இக்கூறுகள் உடலுக்குப் பயன்படவேண்டும் என்பதில்லை. தம்மைத் தாமே பெருக்கிக்கொள்ள வல்லவையாதலின் நிலைத்திருக்கின்றன. ஆகவே இவை தன்னல டி.என்.ஏ. என்பது அவர்தம் கருத்து.

எல்1 பெருகும் முறையைத் தமிழ்ச் சுவடிகளின் வரலாற்றை அறிந்தோர் எளிதில் விளங்கிக்கொள்வர். ஏடு பெயர்த்தெழுதுவோர் மூல நூலினிடையே தாம் இயற்றிய பாடலைச் செருகுவதுண்டு. அச்செருகல் அடுத்தடுத்த ஏடுகளிலே நூலின் பகுதியாகவே படியெடுக்கப்படும். எல்1 தன்னை ஆர்.என்.ஏ. ஆகப் படியெடுப்பிக்கின்றது, தானே ஆக்குவிக்கும் நொதியத்தினால் நிறமூர்த்தத்தில் வேறோரிடத்தை வெட்டி, அந்த ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டி.என்.ஏ. எழுதி அங்கே புகுத்துகின்றது. பழைய படி தன்னிடத்திலேயே இருக்க, புதிய படி கூடுதலாகச் சேர்கின்றது. அலுவுக்குத் தனக்கென நொதியம் இல்லை. எல்1 இன் எழுத்தாணியை இரவல் வாங்கியே அது தன்னை எழுதிக்கொள்கின்றது.

இது பழைய ஏட்டோடு முடிந்த கதையன்று என்பது 1988 இல் வெளிப்பட்டது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹேய்க் கசாசியனும் குழுவினரும், குருதி உறையாமை நோயுற்ற 240 பேரை ஆராய்ந்தபோது, அவர்களுள் இருவரிடத்திலே எட்டாம் உறைதற் காரணிக்குரிய பரம்பரையலகினுள் எல்1 துண்டு புகுந்திருந்தது. அவர்தம் பெற்றோரிடத்து அச்செருகல் இல்லை. ஆகவே அது அத்தலைமுறையிலேயே புதிதாக நேர்ந்தது. 1991 இல் அவற்றுள் ஒன்றுக்கு மூலமான முழு எல்1, இருபத்திரண்டாம் நிறமூர்த்தத்திலே கண்டறியப்பட்டது. 1992 இல் பெருங்குடற் புற்றுநோய்க் கலமொன்றிலே, அந்நோயைத் தடுக்கும் பரம்பரையலகை எல்1 சிதைத்திருந்தமை அறிவிக்கப்பட்டது. 1996 இல், ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் மனிதக் கலங்களில் எல்1 இடம்பெயர்வதை நேரடியாக அளந்தறியும் முறை உருவாயிற்று.

2001 இல் மனிதரின் முழுப் பரம்பரையலகுத் தொகுதியின் முதல் வரைவு வெளியானபோது இக்கூறுகளின் அளவு அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது. ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளில் 45 சதவீதமளவு இடம்பெயர் கூறுகளினின்றும் தோன்றியது. எல்1 மட்டும் சுமார் 5 இலட்சம் படிகளாக 17 சதவீதத்தை நிரப்பியிருந்தது. அலுவின் படிகள் 10 இலட்சத்தைத் தாண்டின. புரதங்களுக்குரிய குறிப்புகளோ 2 சதவீதத்திலும் குறைவே. மூல நூல் சில பக்கங்கள், இடைச்செருகல் பல நூறு பக்கங்கள் என்னும் நிலை இது. ஆயினும் 2003 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரு மனிதரிடத்தில் இன்றும் இடம்பெயரும் ஆற்றலுள்ள எல்1 படிகள் 80 முதல் 100 வரையே. அவற்றுள்ளும் வீரியம் மிக்கவை மிகச் சிலவே. பெரும்பாலானவை துண்டுபட்டும் எழுத்துச் சிதைந்தும் செயலிழந்து போனவை.

இந்நிலையிலே வினா திசைமாறியது. கூறுகள் எவ்வாறு இடம்பெயர்கின்றன என்பது முந்தைய வினா. ஆற்றலுள்ள கூறுகள் கலந்தோறும் இருந்தும் அவை பெரும்பாலும் ஏன் அமைதியாக உள்ளன என்பதே புதிய வினா.

மூவகைக் காவல்

இப்புதிய வினாவுக்கான விடை மூன்று திசைகளிலிருந்து வந்தது.

முதலாவது மெதைலேற்றம். டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளுள் ஒன்றான சைற்றோசீன் மீது மெதைல் என்னும் சிறு இரசாயனக் கூட்டம் ஒட்டப்படுவதுண்டு. எழுத்து மாறுவதில்லை; ஆனால் மெதைல் அடர்ந்த பகுதி பொதுவாக வாசிக்கப்படாது போகின்றது. சுவடியைக் கிழிக்காமல் நூலினாற் கட்டி வைப்பதை இது ஒக்கும். கலப்பிரிவின்போது புதிய இழையிலும் இக்கட்டு மீண்டும் இடப்படும். இத்தகைய ஏற்பாடு பரம்பரையலகுகளை அடக்கி வைக்கக்கூடும் என்று 1975 இல் றொபின் ஹொலிடே, ஆதர் றிக்ஸ் ஆகியோர் தனித்தனியே கருத்துரைத்தனர். 1980களிலே சோளத்தின் கூறுகளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்த நீனா பெடரொவ் முதலியோர், மக்கிளின்ரொக் கண்ட உறக்க நிலைக்கும் மெதைலேற்றத்துக்கும் தொடர்புண்டெனக் காட்டினர். அம்மையார் விடுத்த வினாவுக்கு அவரது வாழ்நாளிலேயே முதல் விடை கிடைத்தது.

1997 இல் ரிமொதி பெஸ்ரரும் குழுவினரும், மெதைலேற்றத்தின் தலையாய பணியே இடம்பெயர் கூறுகளை அடக்குவதுதான் என வாதிட்டனர். மெதைல் கட்டைப் பேணும் நொதியம் இல்லாத சுண்டெலி முளையங்களிலே, உறங்கிக் கிடந்த வைரசு வழிக் கூறுகள் பெருமளவில் விழித்தெழுந்தமை மறு ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 2004 இல், விந்தாகும் கலங்களில் இக்கட்டு இடப்படாவிடின் கூறுகள் கிளர்ந்தெழுவதும், அக்கலங்கள் முதிராமல் அழிவதும் காட்டப்பட்டன.

ஆயினும் இக்காவலிலே ஒரு வாயில் திறந்து கிடக்கின்றது. கருக்கட்டலின் பின்னர் முளையத்தின் தொடக்க நாள்களிலும், பின்னர் முட்டையும் விந்துமாகவுள்ள முதற்கலங்களிலும், பழைய மெதைல் கட்டுகள் பெரும்பாலும் அவிழ்க்கப்பட்டுப் புதியன இடப்படுகின்றன. அவ்விடைவேளையிற் புகும் செருகல் அடுத்த தலைமுறைக்கும் சென்றுவிடும். எனவே அங்கு வேறு காவல் தேவையாகின்றது.

இரண்டாவது காவல் சிற்றளவான ஆர்.என்.ஏ.க்கள். 1998 இல் அன்ட்ரூ பயர், கிரெய்க் மெலோ ஆகியோர், இரட்டை இழை ஆர்.என்.ஏ. ஒன்று தன்னையொத்த செய்தியைக் கலத்திலே அடக்கிவிடுவதை ஒரு சிறு புழுவிலே கண்டறிந்தனர். 2006 இல் இதற்காக நோபல் பரிசும் பெற்றனர். இவ்வாற்றலை இழந்த சில புழுக்களில் இடம்பெயர் கூறுகள் கட்டவிழ்ந்து திரிந்தமை 1999 இலேயே கண்டறியப்பட்டது. 2006 இல், விந்தகத்திலும் சூலகத்திலும் காணப்படும் ‘பிவி’ என்னும் புரதக் குடும்பத்தோடு இணைந்து செயற்படும் தனிவகைச் சிற்றார்.என்.ஏ.க்கள் கண்டுபிடிக்கப்பட்டன. மறு ஆண்டிலே, பழ ஈயின் நிறமூர்த்தங்களில் இவை பிறக்கும் இடங்கள், பழைய இடம்பெயர் கூறுகளின் சிதைவுகள் குவிந்த பகுதிகளே என்பது புலனாயிற்று. முன்னர் வந்த பகைவரின் அடையாளங்களைத் தொகுத்து வைத்து, அதே பகைவர் மீண்டும் எழும்போது ஒப்பிட்டுப் பார்த்து அழிக்கும் ஆவணக் காப்பகமாக அப்பகுதிகள் பணிபுரிகின்றன. 2008 இல், ஈக்களின் பழைய புதிருக்கும் விடை கிடைத்தது. தாய் முட்டையினூடாக வழங்கும் மறைபொருள் இச்சிற்றார்.என்.ஏ.க்களே. அக்கூறினை என்றுமே சந்தித்திராத ஆய்வுகூடத் தாயிடம் அதற்குரிய ஆவணம் இருக்கவில்லை. மனிதர் உட்பட்ட பாலூட்டிகளிலும் பிவிக் குடும்பப் புரதங்கள் உள்ளன. ஆண் சுண்டெலியில் அவை பழுதுபடின் கூறுகள் விழித்து மலட்டுத்தன்மை உண்டாகின்றது.

மூன்றாவது காவல் ‘நாக விரற் புரதங்கள்’ எனப்படும் பெருங் குடும்பமாகும். நாக அணுக்களைப் பற்றியவாறு விரல்கள் போல நீண்டிருக்கும் மடிப்புகளினால், இப்புரதங்கள் குறித்த எழுத்துத் தொடரைத் தடவி இனங்காண்கின்றன. இனங்கண்டதும் வேறு புரதங்களை அழைத்து அப்பகுதியை இறுக மூடச்செய்கின்றன. 2010 இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிலே டிடியர் ரோனோவின் ஆய்வுகூடம், இம்மூடலுக்கு மையமான புரதத்தை நீக்கியவுடன் சுண்டெலியின் முளையக் கலங்களில் வைரசு வழிக் கூறுகள் விழித்தெழுவதைக் காட்டியது. மனிதரிடத்தில் இக்குடும்பத்துப் புரதங்கள் சில நூறு உள்ளன. அவற்றுட் பல, விலங்கினத்துக்கு விலங்கினம் வேறுபடுகின்றன.

இவ்வேறுபாட்டின் பொருளை 2014 இல் கலிபோர்னியாவில் டேவிட் ஹவுஸ்லரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு விளக்கிற்று. மனிதரின் பதினோராம் நிறமூர்த்தத்தைத் தாங்கிய சுண்டெலி முளையக் கலங்களை அவர்கள் நோக்கினர். மனிதக் கலத்திலே அடங்கிக் கிடந்த கூறுகள் சில, எலியின் கலத்திலே விழித்துக்கொண்டன. அவற்றை அடக்கும் காவலர் எலியிடம் இல்லை. உரிய மனிதப் புரதத்தை அங்கே புகுத்தியதும் கூறுகள் மீண்டும் அடங்கின. மேலும், அக்காவலருள் ஒன்று பற்றும் 129 எழுத்துகளை எல்1 இன் பிற்கால வகைகள் இழந்திருந்தமையும் தெரியவந்தது. காவலன் பிடிக்கும் பிடியையே களைந்துவிட்டு எல்1 தப்பியோடியது. ஒருபுறம் புதிய காவலும் மறுபுறம் புதிய தப்பிப்புமாக, மனிதனின் முன்னோரிடத்திலே நெடுங்காலம் நடந்த போட்டியின் தடயங்கள் இன்றும் ஒவ்வொரு கலத்திலும் பதிந்துள்ளன.

ஏன் பிந்தியது?

இங்கு தொகுத்து நோக்குமிடத்து ஓர் ஒழுங்கு புலனாகின்றது. பழ ஈயிலே காவல் புலப்பட்டது, அது இல்லாத தாயின் பிள்ளைகளால். சுண்டெலியிலே புலப்பட்டது, நொதியம் நீக்கப்பட்ட முளையத்தால். மனித நிறமூர்த்தத்தின் காவல் புலப்பட்டது, அது அந்நிய கலத்தில் அநாதையாக நின்றபோது. இடப்பெயர்வு தன் தடயத்தைத் தானே விட்டுச்செல்கின்றது. சோள மணியிலே ஊதாப் புள்ளியாக, நோயாளியிடத்தே சிதைந்த பரம்பரையலகாக அது கண்ணிற் படுகின்றது. வெற்றிபெற்ற காவலோ தடயம் விடுவதில்லை. எதுவும் நிகழாமையே அதன் வெற்றி. நிகழாத ஒன்றுக்குப் புள்ளியில்லை, புள்ளியில்லாததை வாசிப்பாருமில்லை. கட்டுப்பாடு என்னும் பாதி பிந்தியமைக்கு, ஒரு பெண்ணின் கூற்றைப் பிறர் செவிமடுக்கவில்லை என்பது மட்டும் காரணமாகாது. காவலை அகற்றிப் பார்க்கும் வழி கிட்டும்வரை அதனைக் காண முடியாதிருந்தமையே முதன்மையான காரணமாகும்.

அவ்வாறாயின் மக்கிளின்ரொக்கின் கொள்கையைப் பற்றி யாது கூறுவது? கூறுகள் கலத்தைக் கட்டுப்படுத்துகின்றன என்றார் அவர்; கலமே கூறுகளைக் கட்டுப்படுத்துகின்றது என்பது பின்னர் தெளிவாகியது. இவ்வளவோடு நிறுத்துவது அவருக்குச் செய்யும் அநீதியாகும். அடக்கப்பட்ட கூறுகளுட் சில காலப்போக்கிலே கலத்தின் பணியாளராயின. தாயையும் சேயையும் இணைக்கும் சூல்வித்தகம் உருவாதற்கு வேண்டிய ஒரு புரதம், பண்டைய வைரசு ஒன்றின் எச்சமே என்பது 2000 இல் தெரியவந்தது. நோய்களை எதிர்க்கும் பல்வேறு பிறபொருளெதிரிகளை ஆக்குதற்காக டி.என்.ஏ.யை வெட்டி ஒட்டும் நொதியமும் பழைய இடம்பெயர் கூறொன்றின் வழிவந்தது. பரம்பரையலகுகளை இயக்கும் தொடர்கள் சிலவும் இக்கூறுகளிலிருந்தே தோன்றியுள்ளன. எல்லாக் கூறுகளும் கட்டுப்படுத்துவன என்று கொண்டதிலே அம்மையார் வழுவினார். சில கூறுகளேனும் அவ்வாறாகக்கூடும் என்பதிலே அவர் வழுவவில்லை.

1992 செப்ரெம்பர் 2 ஆம் நாள் அம்மையார் மறைந்தபோது சிற்றார்.என்.ஏ.க்களின் காவலோ நாக விரற் புரதங்களின் பணியோ அறியப்பட்டிருக்கவில்லை. உறங்கும் கூறுகளைப் பற்றி அவர் எழுதிவைத்த குறிப்புகள் மட்டும் இருந்தன. அறிவியல் வரலாற்றை எழுதுவோர் புறக்கணிப்பு, வெற்றி என்னும் இரு சொற்களோடு அமைதி கொள்வது எளிது. ஆனால் ஓர் அறிஞர் எதனைக் கண்டார், கண்டதற்கு என்ன பொருள் கொண்டார், பிறர் அவற்றுள் எதனை ஏற்று எதனை விடுத்தனர் என்பவற்றை வெவ்வேறாகப் பிரித்து நோக்குதல் வேண்டும். பொருள் பிழைத்தவிடத்தும் கண்டது பிழையாகாதிருத்தல் கூடும். அம்மையாரின் கொள்கைக்கு அன்று கிடையாத இடம், அவர் உண்மையாகப் பதிந்துவைத்த அவதானங்களுக்கு ஈற்றிலே கிடைத்தது. மனிதனின் ஒவ்வொரு கலத்திலும் இக்கணமும் நிகழ்ந்துகொண்டிருக்கும் ஓசையற்ற காவலை அறிவுலகு கண்டுகொள்வதற்கு, சோள மணியொன்றின் மீது தோன்றாத புள்ளிகளையும் பொருட்படுத்திய ஒரு கண்ணே தொடக்கமாயிற்று.